தொண்ணூறாம் நாள் வரை தூங்கும் கணக்கு

தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும் கடனுக்கும் நஷ்டம் எழுதச் சொல்வது எந்த ஊர் நியாயம்? வங்கி வட்டாரத்திலும் வணிகப் பக்கங்களிலும் ஆடிட்டர்களின் கருத்தரங்குகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கேள்வியின் குறி, ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை. அதிலும் குறிப்பாக, 'எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு' என்ற முறை. சுருக்கமாக இ.சி.எல். 2018 ஜனவரி 1 முதல் உலகின் பெரும்பகுதியில் இது நடைமுறையில் இருக்கிறது. இதன் இந்திய வடிவமான இந்த் ஏ.எஸ். 109, அதே ஆண்டு ஏப்ரலில் பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு வந்துவிட்டது. வங்கிகளுக்கு மட்டும் தள்ளிக்கொண்டே போய், 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தேதி சொல்லாமலே ஒத்திவைத்தது. 2023 ஜனவரியில் ஒரு விவாத அறிக்கை வந்தது. 2025 அக்டோபரில் வெளியான வரைவு விதிகள் 2027 ஏப்ரல் 1 என்று நாள் குறித்தன. நாள் நெருங்க நெருங்கப் புகாரும் வலுக்கிறது.

முறை இதுதான். ஒவ்வொரு கடனும் கொடுத்த நாளிலிருந்தே மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். நல்ல கடன் முதல் நிலை. அடுத்த 12 மாதங்களுக்குள் அது தவறக்கூடிய வாய்ப்பை வைத்துக் கணக்கிட்ட இழப்புக்கு வங்கி ஒதுக்கீடு செய்ய வேண்டும். கொடுத்த நாளில் இருந்ததைவிட ஆபத்து கணிசமாகக் கூடிவிட்டால் இரண்டாம் நிலை. கடன் முடியும் வரைக்குமான மொத்த இழப்புக்கும் ஒதுக்கீடு. தவணை 30 நாள் தாண்டினாலே ஆபத்து கூடிவிட்டது என்று தரநிலை எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் வங்கிதான் ஆதாரம் காட்ட வேண்டும். கடன் கெட்டேவிட்டால் மூன்றாம் நிலை. வட்டி வருமானத்தைக்கூட ஒதுக்கீடு போக மிஞ்சிய தொகைக்குத்தான் எழுதலாம். தவறும் வாய்ப்பு, தவறினால் திரும்பாமல் போகும் பங்கு, அப்போதைய நிலுவை ஆகிய மூன்றையும் பெருக்கி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் இழப்பின் தொகை கிடைக்கும்.

எதிர்ப்பவர்களின் வாதத்தை அதன் பலம் குறையாமல் சொல்லிவிடலாம். கணக்கு என்பது நடந்ததை எழுதுவது. நடக்கப்போவதைச் சொல்ல ஜோசியர்கள் இருக்கிறார்கள். 90 நாள் பணம் வராவிட்டால் வாராக்கடன் என்ற விதி யார் பார்த்தாலும் ஒரே விடை தரும். இழப்பை மதிப்பிடும் மாடல்கள் பத்து வங்கியில் பத்து விடை தரும். பொருளாதாரம் சரியும்போது எல்லா மாடல்களும் ஒரே நேரத்தில் மிரண்டு ஒதுக்கீட்டை ஏற்றும், வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தும், சரிவு ஆழமாகும். அடி விழுவது சிறு தொழில்களின் மீதும் முதன்முறை கடன் வாங்குவோர் மீதும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்த நெருக்கடிக்காக எழுதிய விதி நமக்கு எதற்கு? போதாததற்கு, இ.சி.எல். இருந்த இடத்திலும் ஏமாற்றுபவர்கள் ஏமாற்றத்தானே செய்தார்கள்?

இவற்றில் ஒன்றுகூட அசட்டு வாதம் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: பழைய முறையில் ஊகம் கிடையாது என்ற நம்பிக்கை. பழைய முறையும் ஊகம்தான். தவணை தவறி நாள் கணக்கு முடியும் வரை, தரநிலையைப் பொறுத்து, இழப்பு பூஜ்யம் அல்லது பூஜ்யத்துக்கு அருகில் என்ற ஊகம். எந்த வங்கியின் அனுபவமும் இந்த எண்ணை ஆதரிக்கவில்லை.

1. நஷ்டம் இன்னும் வரவில்லை என்றால், அதற்கான வட்டியை முதல் மாதமே ஏன் வாங்குகிறார்கள்?

ஒரு வங்கி ஆயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் வீதம் 10 கோடி ரூபாய் தனிநபர் கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 14 சதவீதம். ஆண்டுக்கு இருபது பேர் தவறுவார்கள், அவர்களிடமிருந்து பாதிதான் தேறும் என்பது அதன் அனுபவம். ஆக, ஆண்டு இழப்பு 10 லட்சம். கடனில் 1 சதவீதம். டெபாசிட் வட்டி, நிர்வாகச் செலவு, லாபம் எல்லாவற்றுக்கும் 13 சதவீதம் போதும் என்றால், பதினான்காவது சதவீதம் அந்த இருபது பேருக்காக வைத்தது. அதை ஒழுங்காகக் கட்டும் 980 பேர் கட்டுகிறார்கள்.

அந்த இருபது பேர் யார் என்று வங்கிக்குத் தெரியாது. இருபது பேர் என்பது தெரியும். கோயம்பேட்டில் தக்காளி எடுக்கும் கடைக்காரருக்கும் கூடையில் எந்தப் பழம் அழுகும் என்று தெரியாது, இரண்டு கிலோ கழியும் என்று தெரியும். அதைச் சேர்த்துத்தான் விலை சொல்வார். வங்கியின் ரிஸ்க் பிரிவும் வட்டி நிர்ணயிக்கும் குழுவும் இதையேதான் செய்கின்றன. கணக்குப் பிரிவு மட்டும் பதினான்கு சதவீதத்தையும் வருமானமாக எழுதிக்கொண்டு, இழப்பை மட்டும் பெயரும் முகவரியும் தெரிந்த பிறகுதான் எழுதுவேன் என்கிறது. வருமானத்துக்கு எதிர்பார்ப்பு போதும், இழப்புக்கு மட்டும் சாட்சி வேண்டும்! கடன் புத்தகம் வேகமாக வளரும் வங்கிக்கு இதைவிட வசதி கிடையாது. புதுக் கடனில் வட்டி உடனே ஓடத் தொடங்கும், கெடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் லாபம் காட்டி டிவிடெண்டும் போனஸும் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு கூரான எதிர்வாதம் உண்டு. இழப்புக்கான விலை வட்டியிலேயே இருக்கிறது, அந்த வட்டி இனிமேல்தான் வரப்போகிறது என்றால், கடன் கொடுத்த அன்றே 12 மாத இழப்பை எழுதுவது இரட்டைக் கணக்கு ஆகாதா? கண்டிப்பாகச் சொன்னால், ஆகும். சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2009 நவம்பரில் வெளியிட்ட முதல் வரைவு, எதிர்பார்க்கும் இழப்பை வட்டி வீதத்திலேயே கழித்துக் கடன் காலம் முழுவதும் பரப்பச் சொன்னது. தர்க்கத்தில் அதுதான் சுத்தம். வட்டிக் கணக்கு ஒரு மென்பொருளிலும் ரிஸ்க் கணக்கு வேறு மென்பொருளிலும் இருக்கிறது, இரண்டையும் இணைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. அந்த இடத்தில் வந்த சமரசம்தான் 12 மாதம். 2014 ஜூலையில் இறுதியான தரநிலையில் அது நிலைத்தது. அமெரிக்கத் தரநிலை இன்னும் ஒரு படி தாண்டி, முதல் நாளே ஆயுள்கால இழப்பு முழுவதையும் எழுதச் சொல்கிறது. ஆகவே 12 மாதம் என்பது குறையுள்ள விடைதான். ஆனால் இந்தக் குறையைக் காட்டிப் பழைய முறைக்குத் திரும்பச் சொல்பவர், சிறிய பிழையைத் திருத்தப் பெரிய பிழையைக் கேட்கிறார்.

2. 90 நாள் விதி யார் பார்த்தாலும் ஒரே விடை தருமா?

நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவை 30 லட்சம் என்று கொள்வோம். லோடு குறைந்துவிட்டது, தவணை 35 நாள் தள்ளிப்போய்விட்டது. வங்கியின் கணினி அந்தக் கணக்கின் மேல் 'எஸ்.எம்.ஏ. 1' என்று தானாகவே முத்திரை குத்தியிருக்கும். 31 முதல் 60 நாள் வரை தாமதமான கணக்குகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்த பெயர் அது. மண்டல அலுவலகத்தின் தினசரிப் பட்டியலில் அவர் பெயர் ஏறிவிட்டது. கிளை மேலாளர் போன் போட்டுவிட்டார். எல்லோருக்கும் தெரியும். லாப நட்டக் கணக்குக்கு மட்டும் தெரியாது. அங்கே அது இன்னும் 'ஸ்டாண்டர்டு' கடன். சிறுதொழில் கடன் என்பதால் ஒதுக்கீடு 0.25 சதவீதம், அதாவது 7,500 ரூபாய்.

90 நாள் தாண்டிய மறுநாள் காலை அது வாராக்கடன். ஒதுக்கீடு 15 சதவீதம், 4,50,000 ரூபாய். ஓர் இரவில் அறுபது மடங்கு. அந்த இரவில் லாரிக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, ஷெட்டில்தான் நின்றது. இ.சி.எல். முறையில் 35-ஆம் நாளிலேயே கடன் இரண்டாம் நிலைக்கு வந்திருக்கும். இப்படிப்பட்ட கணக்குகளில் ஐந்தில் ஒன்று கடைசியில் தவறும், தவறினால் லாரியை விற்ற பிறகும் 35 சதவீதம் திரும்பாது என்பது வங்கியின் அனுபவமானால், ஒதுக்கீடு 2,10,000 ரூபாய். முன்னவை இரண்டும் துல்லியமான எண்கள், இது மதிப்பீடு. ஆனால் 35-ஆம் நாளில் அந்தக் கடனின் உண்மை நிலைக்கு மூன்றில் எது பக்கம்?

அறுபது மடங்குச் செங்குத்துப் பள்ளம் இருந்தால் அதன் விளிம்பில் என்ன நடக்கும் என்பது வங்கியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். 85-ஆம் நாளில் பேச்சுவார்த்தை சூடு பிடிக்கும். புதுக் கடன் ஒன்று கொடுத்துப் பழைய கடனின் நிலுவையைக் கட்டவைப்பார்கள். மார்ச் 31-க்குள் கணக்கு 'ரெகுலர்' ஆகிவிடும். வங்கி மொழியில் இதற்கு எவர்கிரீனிங் என்று பெயரே இருக்கிறது. இது விதிமீறல்தானே, விதியின் குறை இல்லையே என்பார்கள். மீறினால் அறுபது மடங்கு லாபம் தரும் விதியை எழுதிவிட்டு, மீறுபவரை மட்டும் குறை சொன்னால் போதாது.

புறவயமான விதி என்று கொண்டாடப்படுவது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு யெஸ் பேங்க் சாட்சி. 2016 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு அந்த வங்கி காட்டிய மொத்த வாராக்கடன் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி போய்ப் பார்த்தபோது கிடைத்தது 4,926 கோடி. அடுத்த ஆண்டும் 6,355 கோடி வித்தியாசம். எண்ணத் தெரிந்த எவரும் ஒரே விடைக்கு வரக்கூடிய 90 நாள் விதியில்தான் இவ்வளவு இடைவெளி. 2020 மார்ச்சில் அந்த வங்கியின் டெபாசிட்தாரர்கள் பணம் எடுக்க வரம்பு விதிக்கும் நிலை வந்தது.

வெளிநாட்டிலும் கதை வேறில்லை. ஐ.ஏ.எஸ். 39 என்ற பழைய சர்வதேசத் தரநிலை, எதிர்கால நிகழ்வால் வரும் இழப்பு எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும் அதை எழுதக் கூடாது என்றது. 'நடந்துவிட்ட' இழப்புதான் கணக்கு. 2011 கோடையில் கிரேக்க அரசுப் பத்திரங்கள் சந்தையில் பாதி விலைக்கு விழுந்திருந்தன. ஒரே காலாண்டில், ஒரே கடனாளியின் பத்திரத்துக்கு, பிரான்சின் பி.என்.பி. பரிபா 21 சதவீத இழப்பு எழுதியது, பிரிட்டனின் ஆர்.பி.எஸ். சுமார் 50 சதவீதம் எழுதியது. தர வாரியத்தின் அன்றைய தலைவர் ஹான்ஸ் ஹூகர்வோர்ஸ்ட், ஐரோப்பியச் சந்தை ஒழுங்காற்று அமைப்புக்குக் கடிதமே எழுத வேண்டியதாயிற்று. பத்து வங்கிக்குப் பத்து விடை என்ற குறை இ.சி.எல்-லோடு பிறந்ததில்லை.

3. கூடுதலாக ஒதுக்க விரும்பும் வங்கியை யார் தடுத்தார்கள்?

பல நாடுகளில் விதியே தடுத்தது. 1998-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அட்லாண்டாவின் சன்ட்ரஸ்ட் வங்கியை, அளவுக்கு மீறி ஒதுக்கிவிட்டாய் என்று சொல்லி, 1994 முதல் 1996 வரையிலான ஒதுக்கீட்டில் 10 கோடி டாலரைக் குறைக்கவைத்தது. நல்ல காலத்தில் லாபத்தைப் பதுக்கிக் கெட்ட காலத்தில் எடுத்துவிடுவார்கள் என்ற ஆணையத்தின் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாடத்தை மற்ற வங்கிகளும் கற்றன. அடுத்த பத்தாண்டில் என்ன ஆயிற்று என்று உலகுக்குத் தெரியும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விகிதங்கள் குறைந்தபட்சம்தான், மேலே ஒதுக்கத் தடையில்லை. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 13,100 கோடி ரூபாயை எதிர்பாராச் செலவுகளுக்கான ஒதுக்கீடாக வைத்திருக்கிறது. பாராட்டலாம். ஆனால் ஏன் 13,100? 9,000 போதாதா, 20,000 தேவையா? எந்தக் கடனுக்கு எந்த அனுமானத்தில் வந்த தொகை? வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்ல முடியாது. தானாக முன்வந்து வைக்கும் ஒதுக்கீட்டைப் புகழ்ந்துவிட்டு, அனுமானங்களை அறிக்கையில் காட்டிச் செய்யும் ஒதுக்கீட்டை ஜோசியம் என்பவர்கள் எதை எதிர்க்கிறார்கள் என்பதே புரியவில்லை.

4. சரிவை ஆழமாக்குவது முன்கூட்டிய ஒதுக்கீடா, தாமதமான ஒதுக்கீடா?

எதிர்ப்பவர்களின் கையில் உள்ள சிறந்த ஆதாரம் கோவிட். பிரிட்டனின் லாய்ட்ஸ் வங்கிக் குழுமம் 2020-இல் 420 கோடி பவுண்டு இழப்பு ஒதுக்கீடு எழுதியது. மறு ஆண்டு 120 கோடி பவுண்டைத் திரும்ப லாபத்துக்குக் கொண்டுவந்தது. எச்.எஸ்.பி.சி. 2020-இல் 880 கோடி டாலர் எழுதி, 2021-இல் 90 கோடியைத் திருப்பியது. பார், மாடல் பொய் சொன்னது என்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரே முடங்கிக் கிடந்தபோது, அரசுகள் சம்பளத்தில் பெரும்பங்கைத் தாமே கொடுக்கும் என்றோ, ஓராண்டுக்குள் தடுப்பூசி வரும் என்றோ யாருக்குத் தெரியும்? தெரிந்த தகவலை வைத்து எழுதினார்கள், தகவல் மாறியதும் திருத்தினார்கள். தர வாரியமும் சும்மா இருக்கவில்லை. 2020 மார்ச் 27-லேயே, தவணை ஒத்திவைப்பு கொடுத்த ஒரே காரணத்துக்காகக் கடனை இரண்டாம் நிலைக்குத் தள்ள வேண்டியதில்லை, விதியை இயந்திரத்தனமாகப் பிரயோகிக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. மிகையாக ஒதுக்கியதன் விலை, அந்தப் பணம் ஓராண்டு டிவிடெண்டாகப் போகாமல் வங்கிக்குள்ளேயே கிடந்தது.

குறைவாக ஒதுக்கியதன் விலையை அயர்லாந்து கொடுத்தது. ஆங்கிலோ ஐரிஷ் வங்கி 2008 செப்டம்பரில் முடிந்த ஆண்டுக்கு 78.4 கோடி யூரோ வரிக்கு முந்தைய லாபம் காட்டியது. 'நடந்துவிட்ட இழப்பு' விதியின்படி எழுதிய கணக்கு. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2009 ஜனவரியில் அரசு அதை நாட்டுடைமையாக்க வேண்டியிருந்தது. 2010-இல் அதன் இழப்பு 1,770 கோடி யூரோ. அயர்லாந்து வங்கிகளின் ரியல் எஸ்டேட் கடன்களை வாங்க அமைத்த அரசு நிறுவனம், 7,400 கோடி யூரோ முகமதிப்புள்ள கடன்களை 3,200 கோடிக்குத்தான் எடுத்தது. ஆங்கிலோ ஐரிஷ் ஒன்றுக்கே அரசின் செலவு 2,930 கோடி யூரோ. இந்த லாபக் கணக்கைத்தான் 'சுழற்சியைத் தூண்டாத' கணக்கு என்று இன்னமும் பரிந்துரைக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு நடத்தியபோது, அதுவரை ஸ்டாண்டர்டு என்று இருந்த கடன்கள் வரிசையாக வாராக்கடன் ஆயின. பேங்க் ஆஃப் பரோடா ஒரே காலாண்டில் 3,342 கோடி நஷ்டம். அடுத்த காலாண்டில் பஞ்சாப் நேஷனல் பேங்க் 5,367 கோடி. 2015 மார்ச்சில் நான்கரை சதவீதத்துக்குள் இருந்த வங்கித் துறையின் மொத்த வாராக்கடன், 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. கெட்ட கடன்கள் அந்த மூன்று ஆண்டில் கெட்டவை அல்ல. கெட்டது கணக்கில் தெரியவே அத்தனை காலம் ஆயிற்று. அண்ணா சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 2018 மார்ச்சில் வாராக்கடன் 25 சதவீதம். 2015 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் போன அந்த வங்கி, 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. ஆறு ஆண்டுகள் கையைக் கட்டிப்போட்ட நிலையில் கடன் கொடுத்தது. பொதுத்துறை வங்கிகளுக்கு மூலதனம் தர மத்திய அரசு 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. கடன் வறட்சி வரும் என்று பயமுறுத்துபவர்கள், பழைய முறையில் வந்தே விட்ட கடன் வறட்சியைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை.

புதிய முறைக்கு மாறும் நாளில் ஒரு பெரிய சுமை ஒரேயடியாக விழும் என்பது மட்டும் நியாயமான கவலை. அதற்காகத்தான் வரைவு விதிகள் மூலதனத்தின் மீதான தாக்கத்தை 2031 மார்ச் வரை சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கின்றன.

5. சிறு கடனாளியின் பெயரைச் சொல்லிப் பேசுவது யார்?

லாரிக் கடனுக்கும் டிராக்டர் கடனுக்கும் பெயர்பெற்ற சென்னை நிறுவனங்கள், சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம், ஸ்ரீராம் ஆகியவை, இந்த் ஏ.எஸ். 109 வந்த 2018 முதல் இ.சி.எல். முறையில்தான் கணக்கு எழுதுகின்றன. அவர்களின் வாடிக்கையாளர்கள் ஒற்றை லாரி வைத்திருப்பவர்கள், பழைய வண்டி வாங்குபவர்கள். வங்கிகள் ஏறிட்டும் பார்க்காதவர்கள். சோழமண்டலத்தின் கடன் அளவு 2018 மார்ச்சில் 50,000 கோடிக்குக் கீழே இருந்தது, 2023 மார்ச்சில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. நடுவில் கோவிட்டும் வந்து போனது. சிறு கடன் வற்றும் என்ற ஆரூடத்தை இந்த நகரத்திலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

வங்கி வரைவில் இரண்டாம் நிலைக் கடன்களில் பெரும்பாலான வகைகளுக்குக் குறைந்தபட்சம் 5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறது. வட்டி சற்று ஏறலாம், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த நாமக்கல் உரிமையாளருக்கு எது நல்லது என்று யோசிக்கலாம். 35-ஆம் நாளிலேயே கடனில் 5 சதவீதம் தலைமையகத்தின் லாபத்தைக் கடித்தால், தவணையைக் குறைத்து மாற்றியமைக்க அப்போதே ஆள் அனுப்புவார்கள். 90-ஆம் நாள் வரை யாருக்கும் வலிக்காவிட்டால், அதன் பிறகு வருவது ஜப்தி நோட்டீஸ்.

6. இறக்குமதிச் சரக்கா இது?

முன்கூட்டி ஒதுக்குவதை இந்தியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒய்.வி. ரெட்டி ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 2005 நவம்பரில் ஸ்டாண்டர்டு கடன்களுக்கான பொது ஒதுக்கீடு 0.25-லிருந்து 0.40 சதவீதம் ஆனது. 2006 மே மாதத்தில் தனிநபர் கடன், வணிக ரியல் எஸ்டேட் போன்றவற்றுக்கு 1 சதவீதம். 2007 ஜனவரியில் 2 சதவீதம். ஒரு தவணைகூடத் தவறாத கடன்கள் அவை. சந்தை சூடேறுகிறது, பின்னால் இழப்பு வரும் என்ற எதிர்பார்ப்பில் மட்டுமே செய்தது. நெருக்கடி வந்ததும் 2008 நவம்பரில் குறைத்துக்கொண்டார்கள். அன்று இதைத் தொலைநோக்கு என்று புகழ்ந்தவர்கள்தான் இன்று இதன் விரிவான வடிவத்தை வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்கள். அன்றைய முறையில் நாடு முழுவதற்கும் ஒரே விகிதம். இன்றையதில் ஒவ்வொரு வங்கியும் தன் கடனாளிகளை வைத்துச் சொல்ல வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏழை நாட்டுக்கு ஒத்துவராது என்பவர்கள் பாக்கு நீரிணையைத் தாண்டிப் பார்க்கலாம். இலங்கை வங்கிகள் 2018 ஜனவரி முதல் இதே தரநிலையில் இருக்கின்றன. 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. அந்த அரசின் டாலர் பத்திரங்களை வைத்திருந்த வங்கிகள் பெரும் இழப்பு ஒதுக்கீடுகளை எழுதின. 2024 டிசம்பரில் பத்திரங்களின் மறுசீரமைப்பு முடிந்தபோது ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தன. மூன்றாம் நிலைக் கடன்கள் 2023 இறுதியில் 12.8 சதவீதம் என்று மத்திய வங்கியே வெளியிட்டது. நடுவில் சில கடன் பத்திரங்களை வேறு வகைக்கு மாற்றிக்கொள்ள அங்குள்ள பட்டயக் கணக்காளர் நிறுவனம் சலுகை கொடுத்ததும் உண்டு. எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடே தவணை தவறிய ஆண்டில்கூட அந்தக் கணக்கு முறையைத் தூக்கிப் போடவில்லை.

7. மாடலை வளைத்தால்?

வளைப்பார்கள். எதிர்ப்பவர்களின் வாதங்களிலேயே வலுவானது இதுதான்; இதற்கு இ.சி.எல். ஆதரவாளர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் மழுப்பல். வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்., இந்த் ஏ.எஸ். 109-இன் கீழ் முதல் நிதியாண்டு முடிந்த கையோடு 2019 ஜூனில் தவணை தவறியது. 90,000 கோடிக்கு மேல் கடன் வைத்திருந்த உள்கட்டமைப்பு நிதிக் குழுமமான ஐ.எல்.&எஃப்.எஸ். 2018 ஆகஸ்ட் வரை மிக உயர்ந்த தர மதிப்பீட்டோடு இருந்து, செப்டம்பரில் சரிந்தது. அந்த மதிப்பீட்டை மாடலுக்குள் போட்டிருந்தால் தவறும் வாய்ப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். உள்ளே போவது பொய் என்றால் வெளியே வருவதும் பொய். பெரிய கடனாளியைக் கடைசி வரை முதல் நிலையிலேயே வைத்திருக்க ஒரு தலைமை அதிகாரி நினைத்தால், எதிர்காலம் எப்படி இருக்கும் என்று மாடலுக்குள் போடும் காட்சிகளில், நல்ல காலம் வரும் என்ற காட்சிக்கு 60 சதவீத வாய்ப்புக் கொடுத்தால் போதும்.

இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மாடலுக்குக் கீழே ஒரு தரை வேண்டும் என்ற இடத்துக்கு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 13 சுற்றறிக்கையில் வங்கிசாரா நிறுவனங்களுக்கு அதைச் செய்தது: இ.சி.எல். தொகை பழைய விகிதங்களின்படி வருவதைவிடக் குறைந்தால், வித்தியாசத்தைத் தனி இருப்பாக ஒதுக்க வேண்டும். வங்கிகளுக்கான வரைவிலும் ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தபட்ச விகிதம் உண்டு. 90 நாள் விதியும் அப்படியே தொடர்கிறது. தரநிலையின் தூய்மை கெடுகிறது என்று சில நிபுணர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். யெஸ் பேங்கையும் டி.எச்.எஃப்.எல்-ஐயும் பார்த்த நாட்டில் தரையும் வேண்டும், அதன் மேல் மாடலும் வேண்டும்.

வங்கிச் சங்கங்கள் உண்மையில் கேட்டு எழுத வேண்டியது வேறு ஒன்று. ஐ.எஃப்.ஆர்.எஸ். 7 என்ற துணைத் தரநிலை, அனுமானங்களையும் கடன்கள் நிலை மாறியதையும் வெளியிடச் சொல்கிறது. சென்ற ஆண்டு எதிர்பார்த்ததும் இந்த ஆண்டு நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்தலாம். வீட்டுக் கடன், வாகனக் கடன், தனிநபர் கடன், சிறுதொழில், பெருநிறுவனம் என்று வகைவாரியாக இரண்டு பத்திகள்: ஆண்டு தொடக்கத்தில் 12 மாதத்துக்கு எதிர்பார்த்த இழப்பு, ஆண்டு முடிவில் வந்த இழப்பு. எதிர்காலக் காட்சி ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வாய்ப்பும் அதே பக்கத்தில். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து குறைவாகவே எதிர்பார்க்கும் வங்கிக்குத் தரை விகிதத்தை ரிசர்வ் வங்கி தனியாக ஏற்றட்டும். வரைவு விதிகளில் இது இல்லாததைப் பற்றித்தான் சண்டை போட வேண்டும்.